அருவிக்குப் போகும் வழியில் ஒரு குருவி

(தருமபுரியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'தருமபுரி மாவட்டத்துப் பறவைகள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அதைச் சொல்லப் புகுந்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். நீங்களும் கொட்டாவி விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு சாலையைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே இருக்கிற எல்லோரும் போன சாலைதான். பென்னாகரம் தாண்டிக் காடு தொடங்குகிற இடத்திலிருந்து ஒகேனக்கல் வரைக்கும் இறங்குகிற மலைப்பாதை.

அந்தச் சாலையில் நாம் எப்படிப் போகிறோம்? கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போகிறோம். கீழே போனால் எண்ணெய் மசாஜ், குளியல், மீன் வறுவல், பரிசல். நானும் அதற்கெல்லாம் எதிரி இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் அருமையான பறவையைப் பார்க்க வேண்டுமானால் அருவி வரைக்கும் போக வேண்டியதில்லை. போகிற வழியில், 'வெறும் கரடு, ஒண்ணுமில்லை' என்று நாம் தலையைத் திருப்பிக்கொள்கிற பாறைச் சரிவில்தான் அது குடியிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான ஆதாரம்.

முதலில், பறவை பார்க்கச் சாலை எதற்கு, காட்டுக்குள் போனால்தானே பறவை இருக்கும் என்று கேட்பீர்கள். காட்டுக்குள் போனால் பறவை இருக்கும், பார்க்க முடியாது. அடர்ந்த புதருக்குள் நிற்பவனுக்குத் தெரிவது நாலு அடி தூரம். சாலை ஓரத்தில்தான் வெயில் விழுகிறது. வெயில் விழுகிற இடத்தில் செடி பூக்கிறது, காய்க்கிறது, பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பின்னால் பறவை வருகிறது. அதிலும் மலைச்சாலைக்கு ஒரு சலுகை உண்டு. பள்ளத்துப் பக்கம் நிற்கிற மரங்களின் உச்சி நம் கண் மட்டத்தில் இருக்கும். சமவெளியில் கழுத்து ஒடிய அண்ணாந்து பார்க்க வேண்டிய பறவையை இங்கே நேருக்கு நேர் பார்க்கலாம். மேட்டுப் பக்கம் திரும்பினால் பாறை. ஒரே இடத்தில் நின்று மரத்தின் தலையையும் மலையின் காலையும் பார்க்கிற வசதி வேறெங்கும் கிடைக்காது.

உலகம் முழுக்க இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். பனாமா நாட்டில் 'பைப்லைன் சாலை' என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு எண்ணெய்க் குழாயை ஒட்டிப் போட்ட சாலை. போர் முடிந்தது, சாலை நின்றது. இன்று அது சோபரானியா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வெப்பமண்டலக் காட்டுப் பறவைகளைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள். அந்தச் சாலையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரே நாள் கணக்கெடுப்பில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவானதுண்டு. நம் சாலையில் அத்தனை வராது. அது மழைக்காடு, நம்முடையது உலர்காடு. எண்ணிக்கையில் போட்டி போட்டால் தோற்றுவிடுவோம். ஆனால் பனாமாக்காரரைக் கூட்டிவந்து இங்கே நிறுத்தினால், அவர் வாழ்நாளில் பார்த்திராத, தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையை நாம் காட்டலாம். அதற்கு வருகிறேன்.

விடியலில் தொடங்க வேண்டும். வெளிச்சம் வருவதற்கு முன்பே காட்டுக்கோழி கூப்பிட ஆரம்பித்துவிடும். நம் வீட்டுச் சேவலின் கூவலை யாரோ நடுவில் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும் அந்தக் குரல். அது சாம்பல் காட்டுக்கோழி; இதுவும் இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. அக்டோபருக்குப் பிறகு போனீர்களென்றால் ஆறுமணிக் குருவியும் சேர்ந்துகொள்ளும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிற பறவை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டைச் சீட்டியாகக் குரல் கொடுக்கும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூட வராண்டாவிலும் விழுந்து கிடப்பதுண்டு. பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் பூசிக்கொண்டு தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். அத்தனை நிறமிருந்தும் சருகோடு சருகாகத்தான் தெரியும்.

வெயில் ஏறியதும் உசில மரங்களில் கூட்டம் வரும். மாம்பழச்சிட்டு, மின்சிட்டு, மரங்கொத்தி, கரிச்சான் எல்லாம் கலந்து ஒரு கூட்டமாக மரத்துக்கு மரம் தாவும். முன்னால் போகிறவை கிளையை உலுக்கிப் பூச்சியைக் கிளப்ப, பின்னால் வருகிற கரிச்சான் அதைக் காற்றிலேயே பிடிக்கும். கூட்டம் வந்தால் ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அதுவே நம்மைக் கடந்து போகும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. புதிதாக வருகிறவர்கள் அந்த அரை மணி நேரத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இனி மேட்டுப் பக்கம் பாருங்கள்.

உருண்டும் பிளந்தும் கிடக்கிற பாறைகள். நடுவே கள்ளி, சூரை, காரை, கிளுவை. பாறை வெடிப்பில் வேரை இறக்கி நிற்கிற ஒரு இச்சி மரம். அந்த இச்சியின் அடியில் அடர்த்தியாக ஒரு புதர். புதருக்குள்ளிருந்து ஒரு பறவை வந்து பாறை விளிம்பில் உட்காரும். சின்னான் அளவுதான் இருக்கும். ஊரில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, கொண்டைக்குருவி என்போமே, அதன் பங்காளி. ஆனால் இதற்குக் கொண்டை இல்லை. தலை பசுமஞ்சள், தொண்டை நல்ல மஞ்சள், உடம்பு சாம்பல், வால் நுனியிலும் வாலடியிலும் மறுபடி மஞ்சள். உங்களைப் பார்த்த மறுகணம் உள்ளே போய்விடும். அதுதான் மஞ்சள்தொண்டைச் சின்னான்.

1845-ல் டி. சி. ஜெர்டன் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஜெர்டன் சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பறவைதான். அவர் பெயர் சொன்னால் பறவை ஆர்வலர்களுக்கு இன்னொரு கதையும் நினைவுக்கு வரும். அவர் பெயரைத் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்ற பறவை, அற்றே போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்டபின், 1986-ல் ஆந்திரத்தின் கடப்பைப் பக்கத்துப் புதர்க்காட்டில் மறுபடி கிடைத்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த ஊர் வேட்டைக்காரர் ஒருவர். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் படத்தைக் காட்டி விசாரித்தது. அவர் பறவையைக் கொண்டுவந்தே காட்டிவிட்டார். அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைதான், அதுவும் முள்ளும் கல்லும் நிறைந்த இடம்தான்.

மஞ்சள்தொண்டைச் சின்னான் உலகில் தென்னிந்தியாவில் மட்டும்தான் வாழ்கிறது. இங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. கர்நாடகத்தில் நந்தி மலை, ஆந்திரத்தில் ஹார்ஸ்லி மலை, நம் பக்கம் சேர்வராயன், செஞ்சி, மேலகிரி, ஒகேனக்கல் பக்கத்துச் சரிவுகள் என்று துண்டு துண்டாக, பாறை மலை இருக்கிற இடங்களில் மட்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

ஏன் பாறையை விட்டு நகர மாட்டேன் என்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. ஆனால் பெரிய பாறையின் மேல் விழுகிற மழை பாறைக்குள் இறங்காது. வழிந்து ஓடி அடிவாரத்தில்தான் சேரும். ஒரு பாறையின் முதுகு முழுக்க விழுந்த தண்ணீர் அதன் காலடியில் உள்ள ஒரு முழம் மண்ணுக்குக் கிடைக்கிறது. அந்த மண்ணும் பாறை நிழலில் இருப்பதால் சீக்கிரம் காயாது. ஆக, சுற்றிலும் முள்காடாக இருக்கும்போது பாறைக்குப் பாறை இடையில் மட்டும் ஒரு பச்சைக் கீற்று. அங்கே அத்தி, இச்சி, பழம் தருகிற புதர்கள் இருக்கும். கோடையிலும் ஏதோ ஒன்று பழுத்திருக்கும். இந்தச் சின்னான் பழமும் பூச்சியும் தின்று வாழ்வது. பாறை இடுக்கில் ஒதுங்கிக்கொள்வது. பாறை போனால் ஈரம் போய்விடும், ஈரம் போனால் இச்சி போய்விடும். இச்சி இல்லாத இடத்தில் இந்தக் குருவிக்கு வேலை இல்லை.

இது ஒன்றுக்கு மட்டும் அல்ல. வண்ணச் சுண்டங்கோழி அதே பாறைச் சரிவில்தான் மேயும். கொம்பன் ஆந்தை பகலில் பாறை விளிம்பில் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராசாளி செங்குத்துப் பாறையில் கூடு கட்டும். மரமே பறவைக்கு வீடு என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். இங்கே பாதிப் பேருக்குக் கல்தான் வீடு.

அந்தப் பாறைகளைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் என்னிடம் நின்றார்.

"என்னங்க தம்பி, கல்லு பாக்க வந்தீங்களா?"

"இல்லீங்க ஐயா, குருவி பாக்கறேன்."

நம்பவில்லை. பாறையை உற்றுப் பார்க்கிற சட்டைக்காரன் யாராக இருந்தாலும் குவாரிக்கு இடம் பார்க்க வந்தவன் என்பது அவர் அனுபவம். கொஞ்ச நேரம் என்னோடு நின்று, நான் பாறையின் அகலத்தை அளக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு சொன்னார்: "இங்க நின்னா ஒண்ணும் தெரியாது. அந்த வளைவுக்கு அப்பால இச்சி பழுத்திருக்குது. அதுக்கு எதிர்ல போயி உக்காருங்க, எல்லாம் அங்கதான் வரும்." போய் உட்கார்ந்தேன். வந்தன. பழுத்த மரத்துக்கு எதிரே அசையாமல் உட்காருவதைவிடச் சிறந்த உத்தி எதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

இந்தக் காடுகளைப் பற்றிய பதிவுகள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியும் இருக்கிறது. 1929-ல் ஆர்தர் வெர்னே என்ற செல்வர் பணம் கொடுத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளை ஆராய ஒரு குழு கிளம்பியது. அவர் நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்தவர். பழைய நாற்காலி விற்ற பணத்தில் நம் மலைப் பறவைகளின் விவரம் சேர்ந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. அந்தக் குழு முகாமிட்ட இடங்களில் ஒன்று நம் அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலை. அவர்கள் சேகரித்ததைப் பறவையியலாளர்கள் விஸ்லரும் கின்னியரும் 1930 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் தொடராக எழுதினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் இல்லை.

நடுவில் கென்னத் ஆண்டர்சன் இருந்தார். பெங்களூர்க்காரர், பென்னாகரம், அஞ்செட்டி, சின்னாறு என்ற பெயர்களை ஆங்கில வாசகர்களுக்குப் பழக்கியவர். அவர் எழுதியது ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைக் கதைகள். ஆனால் பறவைக் கண்ணோடு படித்தால் அதில் வேறொன்று கிடைக்கும். புலி அடித்த மாட்டைக் கண்டுபிடிக்க வானத்தில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகளைத்தான் பார்க்கிறார். அவை அன்று சர்வசாதாரணம். பிறகு மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 1990-களில் அவை கொத்துக் கொத்தாக மடிந்தன. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று கழுகுக் கூட்டம் என்று சொல்லத்தக்கது நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பக்கம்தான் மிச்சம். ஒகேனக்கல் வானத்தில் ஆண்டர்சன் பார்த்ததை நாம் பார்க்க முடியாது.

அப்புறம் சந்தனமரக் கடத்தல் வீரப்பன் காலம். தொலைநோக்கியும் நோட்டும் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரன் காட்டுக்குள் சுற்றினால் போலீசும் வீரப்பன் ஆட்களும் என இரண்டு பக்கமும் சந்தேகப்பட்ட காலம் அது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிப் பக்கம் அந்தக் கதை முடிந்தது. பிறகுதான் பறவை பார்க்கிறவர்கள் தைரியமாக வரத் தொடங்கினார்கள். எனவே 'இங்கே இந்தப் பறவை புதிதாக வந்திருக்கிறது' என்று யாராவது செய்தி போட்டால் கொஞ்சம் பொறுங்கள். பறவை பழையது, ஆள்தான் புதிது.

ஆற்றங்கரை பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காவிரி கோபித்துக்கொள்ளும். சின்னாறும் காவிரியும் ஓடுகிற கரையோரம் நீர்மருதுகள் நிற்கின்றன. அவற்றில் நரை மலை அணில் கிளைக்குக் கிளை தாவும். இமயமலை அடிவார ஆறுகளின் பறவை என்று கருதப்பட்டுவந்த சிறிய மீன்கழுகு காவிரியிலும் உண்டு. ஆற்று ஆலா, பூமன் ஆந்தை, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம். பரிசலில் போகும்போது தண்ணீரை மட்டும் பார்க்காமல் மருத மரத்தின் மேல்பகுதியையும் பாருங்கள்.

கரட்டுக்குத் திரும்புவோம். மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் புதர்நிலம் ஒரு வகைத் தரிசு. வெற்றுப் பாறைப் பகுதி இன்னொரு வகைத் தரிசு. நான் இவ்வளவு நேரம் சொன்ன குருவியின் வீடு, சமையலறை, கிணறு எல்லாமே அந்த இரண்டு தலைப்பின் கீழ் வந்துவிடுகிறது. தரிசு என்று தாளில் எழுதிவிட்டால் அதை இரண்டு பேர் தேடி வருவார்கள். ஒருவர் கல் உடைக்க வருகிறவர். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டங்கள். இன்னொருவர் மரம் நட வருகிறவர். இவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம், ஏனென்றால் இந்த அவையிலேயே பலர் அந்த நல்ல காரியத்தில் இருக்கிறீர்கள். ஏரிக்கரையில் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள், சாலையோரத்தில் புளியும் வேம்பும் நடுங்கள், கும்பிடுகிறேன். ஆனால் கரட்டில் சூரையையும் காரையையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் குழி தோண்டாதீர்கள். அங்கே ஏற்கெனவே காடு இருக்கிறது. குட்டையாக, முள்ளாக இருக்கிறது என்பதற்காக அது காடு இல்லை என்று ஆகிவிடாது.

பாதுகாப்பு நடக்காமல் இல்லை. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. கர்நாடகத்துக் காவிரிச் சரணாலயத்தோடு தொடர்ச்சியாக யானைக்கு வழி கிடைத்திருக்கிறது. மெத்த மகிழ்ச்சி. ஆனால் யானைக்குத் தொடர்காடு வேண்டும். இந்தச் சின்னானுக்கோ ஒற்றைக் கரடு போதும். அந்த ஒற்றைக் கரடுகளில் பல சரணாலய எல்லைக்கு வெளியே, வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்காக நிற்கின்றன. குத்தகைக்குப் போவதும் அவைதான்.

சாலையின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். பகலில் சூடேறிய தார் இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். பக்கிக் குருவி அதன்மேல் வந்து உட்காரும். தரை நிறத்திலேயே இருக்கும். வண்டி விளக்கு பட்டால் கண் மட்டும் நெருப்புத் துண்டாகச் சிவக்கும். கடைசி நொடிவரை பறக்காது. வேகமாக வருகிற வண்டிக்கு அந்த நொடி கிடைப்பதில்லை. காலையில் நடக்கும்போது தாரோடு ஒட்டிய சிறகு கிடக்கும். இரவில் அந்தச் சாலையில் போக நேர்ந்தால் மெதுவாகப் போங்கள், சிவப்புக் கண் தெரிந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது பிஸ்கட் வாங்க ரோட்டுக்கு வரும், வண்டியில் அடிபடும். மீதி நேரத்தில் பறவைக் கூடுகளிலிருந்து முட்டையை எடுத்துத் தின்னும். உன்னிச்செடிப் புதருக்கும் பீடித் துண்டுக்கும் உள்ள உறவைக் கோடையில் தீயணைக்க ஓடுகிற வனக்காவலரிடம் கேளுங்கள்.

பறவை பார்க்கிறவர்களும் சாதுக்கள் இல்லை. கைபேசியில் பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்கிற பழக்கம் பெருகியிருக்கிறது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது பதறிக்கொண்டு வரும், நாம் படம் எடுத்துக்கொள்வோம். துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிற ஓர் இனத்திடம் இதைச் செய்வது எனக்கு ஏற்புடையதில்லை. இச்சி பழுக்கும்வரை காத்திருக்கலாம்.

மாணவர்கள் எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்திருக்கும், பார்ப்பது எளிது. ஆறுமணிக் குருவியும் இன்னும் திரும்பிப் போயிருக்காது. முதல் பஸ்ஸில் போய் இறங்குங்கள். தார்ச்சாலையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது, அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருக்கிறதா என்று செக்போஸ்டில் கேட்டுவிட்டே நடங்கள். வெண்புருவச் சின்னான் புதருக்குள்ளிருந்து பெருங்குரலில் கத்தி உங்களை ஏமாற்றும். அது எங்கும் உண்டு, முதலில் அதன் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். பார்த்ததை நோட்டில் எழுதி, இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். தை மாதம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தமிழ்நாடு முழுக்க நான்கு நாள். அதற்கு ஒகேனக்கல் வரைகூடப் போக வேண்டாம், உங்கள் ஊர்க் கரட்டின் அடியில் கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும். இண்டூர், பாலக்கோடு, மாரண்டஅள்ளி, கடத்தூர் என்று இங்கே வந்திருக்கிறவர்கள் ஊரில் எல்லாம் கரடு இருக்கிறது. அவற்றில் எதிலெல்லாம் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறதென்ற பட்டியல், அடுத்த குத்தகை ஏலம் வருவதற்குள் மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பட்டியலை எழுத ஆட்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் என்னைப் பார்க்கலாம்.